பிடித்து விடுவது கருணை அல்ல

வட அமெரிக்காவில் தனியார் ஏரிகளைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டவர்களின் சங்கங்களில், பனி உருகிய கையோடு ஒரு பேச்சு கிளம்பும். ஏரியில் ஸ்னாப்பிங் ஆமைகள் பெருகிவிட்டன. மீனையெல்லாம் தின்று தீர்க்கின்றன. வாத்துக்குஞ்சுகளைக் காலைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. பிள்ளைகள் நீந்தும் இடத்திலேயே கிடக்கின்றன. ஏதாவது செய்தாக வேண்டும். சுட்டுவிடலாம் என்பார் ஒருவர். பாவம், வேண்டாம் என்று நாலு பேர் மறுப்பார்கள். கடைசியில் எல்லோர் மனதுக்கும் ஒப்பும் முடிவு ஒன்று வரும்: ஆள் வைத்துப் பொறி போட்டுப் பிடித்து, பத்து இருபது மைல் தள்ளி ஏதாவது சதுப்பில் உயிரோடு விட்டுவிடலாம்.

மிச்சிகன், விஸ்கான்சின், நியூயார்க் என்று எங்கே போனாலும், இதுதான் நாகரிகமான வழி என்று நல்ல மனம் படைத்தவர்களே நம்புகிறார்கள். ஒன்டாரியோவில் கோடைக்கு ஏரிக்கரையில் காட்டேஜ் எடுக்கும் நம் குடும்பங்களிலும் இதே பேச்சுத்தான். “கொல்ல வேண்டாம், பிடிச்சுக் கொண்டுபோய் எங்கையாவது விடச் சொல்லுங்கோ” என்று சொல்கிற பெரியம்மாவுக்கு அந்த ஆமை மேல் எந்தப் பகையும் கிடையாது. பேரப்பிள்ளை தண்ணீரில் இறங்குகிறானே என்ற பயம்தான்.

அந்த நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்கவில்லை. ஆமையின் மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பகுதி விசாரணையில் நிற்காது. நின்றாலும், பிடித்து விடுவதால் அவை தீராது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருணை என்று எண்ணிச் செய்யப்படும் இந்த இடமாற்றம், அந்த ஆமைக்கும் அதன் இனத்துக்கும் பெரும்பாலும் கொலையைப் போன்ற விளைவையே தருகிறது.

மீனிலிருந்து தொடங்கலாம். இது பழைய புகார். மிச்சிகனின் தூண்டில்காரர்கள் 1930களிலேயே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்ல் லாக்லர் என்ற மீனியல் ஆய்வாளர் அந்த மாநிலத்து ஆமைகளின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து, கண்டதை 1943இல் வெளியிட்டார். கனெக்டிகட்டிலும் அதே காலத்தில் நூற்றுக்கணக்கான ஸ்னாப்பிங் ஆமைகளின் இரைப்பைகள் ஆராயப்பட்டன. இரண்டு இடத்திலும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்ச்செடிகளும் பாசியும்தான். மீதியில் கிரேஃபிஷ், நத்தை, பூச்சி, செத்த மீன், உயிரோடு பிடித்த மீன் எல்லாம் கலந்திருந்தன. தூண்டில்காரர்கள் ஆசைப்படும் மீன்களும் அதில் உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆமை மீன் தின்கிறதா என்பதல்ல கேள்வி. அது தின்பதால் ஏரியில் மீன் குறைகிறதா என்பதுதான். ஸ்னாப்பிங் ஆமை விரட்டிப் பிடிக்கும் பிராணி அல்ல. சேற்றில் பாதி புதைந்து, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியக் கிடந்து, எட்டும் தொலைவுக்கு எது வருகிறதோ அதன் மேல் கழுத்தை வீசும். தெம்பாக நீந்தும் பாஸ் மீன் தப்பிவிடும். காயம் பட்டது, நோயுற்றது, தூண்டிலில் சிக்கி விடுபட்டுச் சோர்ந்தது, செத்துப்போனது ஆகியவைதான் எளிதில் அகப்படும். ஒரு பெண் பாஸ் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அந்தக் குஞ்சுகளை அதிகம் தின்பவை மற்ற மீன்கள். சின்ன ஏரிகளில் அடிக்கடி வரும் சிக்கலே வேறு: புளூகில் மீன்கள் அளவுக்கு மீறிப் பெருகி, தீனி போதாமல், விரல் நீளத்துக்கு மேல் வளராமல் நின்றுவிடுவது. மீன்குஞ்சு வளர்க்கும் பண்ணைத் தொட்டிக்குள் ஆமை புகுந்தால் நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஏரி பண்ணைத் தொட்டி அல்ல.

உண்மையில் இந்த ஏரிகளில் மீன் கூட்டமாகச் சாவது உண்டு. ஆகஸ்டில், காற்றில்லாத வெக்கையான இரவுக்குப் பிறகு, காலையில் கரையோரம் வெள்ளை வயிறுகள் மிதக்கும். புல்தரைக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து ஏரிக்குள் இறங்கி, பாசி கொழுத்து, அது அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் வரும் சாவு அது. கரையோரத்துச் சம்பையும் கோரையையும் “அசிங்கமாக இருக்கிறது” என்று வெட்டி எறிந்துவிட்டு கல்லை அடுக்குகிறோம். மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்ந்த இடம் அதுதான். அந்தக் கணக்கைச் சங்கக் கூட்டத்தில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் ஒவ்வொருவர் வீட்டுப் புல்தரைக்கும் கேள்வி வரும். ஆமைக்குக் கூட்டத்தில் இடமில்லை, ஆகவே அதன் பெயரைச் சொல்வது சுலபம். மிதக்கும் அந்தப் பிணங்களைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கிறவற்றில் முக்கியமானதும் அதே ஆமைதான்.

வாத்துக்குஞ்சு விஷயம் மனதைத் தொடுவது. தாயின் பின்னால் வரிசையாகப் போகும் குஞ்சுகளில் ஒன்று சட்டென்று தண்ணீருக்குள் மறைவதைப் பார்த்தவர்களால் அதை மறக்க முடியாது. ஆமை வாத்துக்குஞ்சைப் பிடிப்பது உண்மை. ஆனால் பைக் மீனும் பிடிக்கிறது, பெரிய பாஸும் பிடிக்கிறது, மிங்க் பிடிக்கிறது, கடற்காக்கை பிடிக்கிறது, நாரையும் விட்டுவைப்பதில்லை. குளிர்மழை ஒரே இரவில் ஒரு குடும்பத்தையே கொண்டுபோய்விடும். பொரித்த முதல் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் ஏராளமாகச் சாகும் என்று அறிந்துதான் மல்லார்டு வாத்து அத்தனை முட்டை இடுகிறது. ஆமையை அகற்றினால் பைக் மீனை யார் அகற்றுவது?

பெரியம்மாவின் பயத்துக்கு முழுப் பதில் சொல்ல வேண்டும். ஸ்னாப்பிங் ஆமையைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் அடிப்பக்க ஓடு சிலுவை வடிவில் மிகச் சிறியது. தொடையும் தோளும் வயிற்றின் ஓரமும் வெறும் சதையாக வெளியே கிடக்கும். மற்ற ஆமைகளைப் போலத் தலையையும் காலையும் ஓட்டுக்குள் முழுதாக இழுத்து மூடிக்கொள்ள இதனால் முடியாது. ஆகவே தரையில், ஓட வழியில்லாத இடத்தில், திரும்பி நின்று சீறும், கடிக்கும். ரோட்டோரம் அதைக் குச்சியால் குத்தியவர்களும், வாலைப் பிடித்துத் தூக்கியவர்களும் பார்த்தது இந்த முகத்தைத்தான். அதை வைத்துத் தண்ணீருக்குள் அது எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொண்டார்கள். தண்ணீரில் அதற்கு ஓட இடம் உண்டு, ஓடிவிடும். காலடி அதிர்வு கேட்டதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். தெரியாமல் மிதித்தால்கூடப் பெரும்பாலும் தலையை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். விரலைத் துண்டாக்கும் தாடை என்ற கதையும் ஊதிப் பெருக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அளந்த கடிவிசை சுமார் 200 நியூட்டன். நம் கடைவாய்ப் பற்களின் விசை அதற்குக் குறைந்ததல்ல. அந்தக் கடி வலிக்கும், ரத்தம் வரும், தையல் போட வேண்டிவரலாம். நாய் கடித்தாலும் அப்படித்தான், அதற்காக ஊரிலுள்ள நாய்களையெல்லாம் வேறு மாவட்டத்துக்கு ஏற்றுவதில்லை.

தண்ணீரில் ஆமை படகுத்துறையை விட்டு நகராமல் கிடந்தால், அதற்குக் காரணம் அனேகமாக நாம்தான். பிடித்த மீனைத் துறையிலேயே கழுவிக் குடலை அங்கேயே எறிகிறோம், வாத்துக்கு ரொட்டி போடுகிறோம். பிறகு ஆமைக்கு மனிதப் பயம் போய்விட்டது என்று குறைபடுகிறோம். எறிவதை நிறுத்தினால் அது சம்பங்கோரைப் பக்கம் போய்விடும்.

இனி, பிடித்து விடுவதைப் பற்றி. அதற்கு முன் இந்த ஆமை எப்படி வாழ்ந்து பெருகுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்டாரியோவின் அல்கோன்குயின் பூங்காவில் 1972 முதல் ஸ்னாப்பிங் ஆமைகளுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ரான் புரூக்ஸ் என்ற பேராசிரியர் நெடுங்காலம் நடத்திய ஆய்வு அது. அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் பெண் ஆமை முதன்முதலாக முட்டையிட 17 முதல் 19 வயது ஆகிறது. தெற்கே மிச்சிகனில் அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். ஒருமுறை வளர்ந்துவிட்டால் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். வளர்ந்த ஆமையை நீர்நாயும் மனிதனும் தவிரக் கொல்லக்கூடியவை அரிது.

ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலை, மழை பெய்து ஓய்ந்த நேரத்தில், பெண் ஆமை கரையேறும். ஓட்டில் பாசி படர்ந்திருக்கும், தொடையிடுக்கில் அட்டைகள் ஒட்டியிருக்கும். மணலும் சரளையும் வெயிலும் உள்ள மேடு தேடி நடக்கும். சில சமயம் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும், பல ஆண்டுகள் அதே மேட்டுக்கே வரும். பின்னங்கால்களால் மாறி மாறிக் கிளறிக் குழி தோண்டி, பிங்பாங் பந்துபோல உருண்டையான வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கும். விழும் முட்டையைப் பின்னங்காலால் ஏந்திக் குழிக்குள் ஒதுக்கும். இருபது, முப்பது, நாற்பது முட்டை இட்டபின் மண்ணைத் தள்ளி மூடி, உடலை இழுத்துச் சமப்படுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏரிக்குப் போய்விடும். அன்று இரவே ரக்கூன் மோப்பம் பிடித்து வரும். ரக்கூன் தவறினால் ஸ்கங்க், அது தவறினால் நரி. தப்பிய குழிகளில் கோடை குளிர்ச்சியாகப் போனால் பொரிக்காது. பொரித்த குஞ்சு தண்ணீரை அடைவதற்குள் காக்கை கொத்தும், அடைந்த பிறகு மீன் விழுங்கும். ஓர் ஆமை தன் இடத்தை நிரப்ப ஒரு வாரிசை விட்டுச்செல்ல, பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் முட்டையிட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும். இந்த இனம் முட்டையை நம்பி வாழவில்லை. வளர்ந்த ஆமைகள் சாகாமல் இருப்பதை நம்பி வாழ்கிறது.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதை அல்கோன்குயினில் கண்ணால் பார்த்தார்கள். 1980களின் பிற்பாதியில் சில குளிர்காலங்களில், பனிக்கடியில் உறங்கிக் கிடந்த வளர்ந்த ஆமைகளை நீர்நாய்கள் கொன்றன. பாதியோ அதற்கும் குறைவோதான் மிஞ்சின. மீண்டு வரும் என்று காத்திருந்தார்கள். 2018இல் வெளியான கணக்குப்படி, 23 ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கை மீளவில்லை. வேட்டை இல்லாத, காவல் உள்ள பூங்காவிலேயே இதுதான் நிலை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிசர்வில் பல ஆண்டு விவரங்களைத் திரட்டிய ஜஸ்டின் காங்டனும் அவருடைய குழுவினரும் 1994இல் போட்ட கணக்கு இன்னும் கடுமையானது: வளர்ந்த ஆமைகளில் வழக்கமான சாவுக்கு மேல் ஆண்டுக்கு 10 சதவீதம் கூடுதலாகப் போனால், 20 ஆண்டுக்குள் அவற்றின் எண்ணிக்கை பாதியாகிவிடும்.

இப்போது சங்கத்தின் பொறியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு சின்ன ஏரியில் பத்து வளர்ந்த ஆமைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடையில் மூன்றைப் பிடித்து ஏற்றுகிறார்கள். 10 சதவீதமே தாங்காத இனத்திலிருந்து 30 சதவீதம் போயிற்று. அவை வேறெங்கோ உயிரோடு இருக்கின்றன என்பதால் இந்த ஏரிக்கு எந்த வித்தியாசமும் இல்லை. நீர்நாய் கொன்றதும் லாரி ஏற்றியதும் இங்கே ஒன்றுதான்.

“ஆனால் அவை சாகவில்லையே, வேறு ஏரியில் நன்றாக இருக்குமே” என்பதுதான் அடுத்த பதில். நன்றாக இருக்குமா? எந்த ஊற்றின் வாயில் குளிர்காலத்தில் தண்ணீர் உறையாது, எந்த மரக்கட்டைக்கடியில் மாதக்கணக்கில் மூச்சு வாங்க மேலே வராமல் கிடக்கலாம், எந்த மேட்டில் முட்டை பொரிக்கும் என்பதை அந்த ஆமை பல ஆண்டுகளில் கற்றிருக்கிறது. புதிய ஏரியில் அது ஒன்றும் தெரியாது. செப்டம்பரில் கொண்டுபோய் விட்டால் குளிருக்கு முன் கற்க நேரமும் இல்லை. அங்கே முன்பே குடியிருக்கும் பெரிய ஆண்கள் வந்த ஆணைக் கடித்துக் குதறும். பெண்ணோ பழைய மேட்டைத் தேடி நடக்கத் தொடங்கும், நடுவே ரோடு. நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, ரோடுகள் அடர்ந்த இடங்களில் நன்னீர் ஆமைகளில் ஆண்களின் பங்கு கூடியிருப்பதைக் காட்டியது. முட்டையிடக் கரையேறும் பெண்கள் வண்டியில் அடிபடுவதே அதற்குத் தரப்படும் விளக்கம். இடம் மாறிய ஆமை கூடுதலாக அலையும் என்பதும் ஊகம் அல்ல. வட கரோலினாவில் பெட்டி ஆமைகளை இடம் மாற்றிப் பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்டார்கள்: இடம் மாற்றப்பட்டவை அதிகம் அலைந்தன, அதிகம் செத்தன. பெட்டி ஆமை வேறு இனம்தான். வழி தெரியாத ஊரில் அலைவது இரண்டுக்கும் பொது.

ரானாவைரஸ் என்ற தொற்று ஆமைகளையும் தவளைகளையும் கொல்கிறது. வெளியே தெரியாமல் அதைச் சுமக்கும் ஒரு விலங்கை இன்னொரு ஏரியில் இறக்கினால் அந்த ஏரியே நோயாகலாம். இதுபோன்ற காரணங்களால் பல இடங்களில் சட்டம் இந்த இடமாற்றத்தைத் தடுக்கிறது. மாசசூசெட்ஸில் உங்கள் நிலத்தில் பிடித்த காட்டுவிலங்கை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது குற்றம். ஒன்டாரியோ 2017இல் ஸ்னாப்பிங் ஆமை வேட்டையையே நிறுத்திவிட்டது.

பொறியும் உயிருக்கு ஆபத்தில்லாத கருவி அல்ல. வளையங்களில் வலை கட்டி, ஒரு முனையில் உள்நோக்கிக் குறுகும் வாய் வைத்து, நடுவில் துளையிட்ட மத்தி மீன் டப்பாவைத் தொங்கவிடுவார்கள். அதன் மேற்பகுதி தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரு மழையில் ஏரி அரையடி உயர்ந்தாலோ, கட்டிய கழி சரிந்தாலோ உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் சாகும். மத்தி வாசத்துக்கு ஸ்னாப்பிங் ஆமை மட்டும் வருவதில்லை. பெயின்டட் ஆமைகள் வரும், மஸ்க்ராட் வரும். காலையில் வந்து பார்க்க வேண்டியவர் மறுநாள் வந்தால் கூண்டில் பிணங்கள்தான் இருக்கும்.

“எங்கள் ஏரி, எங்கள் பணம்” என்கிறார்கள். ஏரிப்படுகை உங்களுடையதாக இருக்கலாம். அமெரிக்கச் சட்ட மரபில் காட்டுவிலங்கு நிலத்துக்காரரின் சொத்தல்ல, மாநிலம் மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருப்பது. கனடாவிலும் நிலத்தை வாங்கினால் அதிலுள்ள விலங்கும் சேர்ந்து வந்துவிடுவதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசி வாதம்: “எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, எண்ணிக்கைக்கு என்ன குறை?” அழிவு ஆபத்தை மதிப்பிடும் பன்னாட்டுப் பட்டியலில் இந்த ஆமை ஆபத்து குறைந்த இனமாகவே இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை பரவியிருக்கிறது. ஆனால் நெடுங்காலம் வாழும் இனத்தைக் கண்ணில் படுவதை வைத்து எடைபோட முடியாது. ஒரு ஏரியில் இருபது ஆண்டுகளாக ஒரு குஞ்சுகூடப் பிழைக்காவிட்டாலும், பெரிய ஆமைகள் அதே கட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பார்ப்பவர் நிறைய இருக்கின்றன என்பார். இன்னும் இருபது ஆண்டில் அவை ஒவ்வொன்றாகப் போகும்போது இடத்தை நிரப்ப எதுவும் இருக்காது. இறைச்சிக்கும் ஏற்றுமதிக்கும் பிடிப்பது இதற்கு மேலே சேர்கிறது. காட்டுயிர் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, 2022இல் பனாமாவில் கூடியபோது, இந்த ஆமையின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது.

பொறிக்கு ஒதுக்கும் பணத்தில் என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன். நாலு மரச்சட்டமும் கம்பிவலையும் வாங்கினால் ஒரு முட்டைக்குழிக்கு மூடி செய்யலாம். பக்கச் சட்டத்தில் குஞ்சு நுழைந்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி விட்டு, ஆமை இட்டுப் போன அன்றே குழியின் மேல் வைத்துக் கல்லால் அழுத்திவிட வேண்டும். குஞ்சுகள் வெளிவரும் செப்டம்பர், அக்டோபர் வரை அப்படியே இருக்கட்டும். ரோட்டில் நிற்கும் ஆமையை அது போகிற திசையிலேயே கடத்திவிட வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு சேதமாகும். காரின் கால்மிதியையோ மண்வாரியையோ அடியில் செருகி இழுத்தாலே போதும். அடிபட்டிருந்தால் ஒன்டாரியோவில் பீட்டர்பரோ பக்கம் ஆமைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. நீந்தும் இடத்தில் செடியை ஒரு கீற்று மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்றக் கரையை வளரவிட்டால் பிள்ளைகளுக்கும் இடம், ஆமைக்கும் இடம்.

அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வந்தால் செயலாளரிடம் சில கேள்விகளைக் கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கொண்டுபோய் விடப்போவது எந்த ஏரி? அது யாருடையது, அவர் கையெழுத்திட்ட கடிதம் எங்கே? மாநில அரசின் அனுமதி எண் என்ன? எந்த மாதத்தில் விடுகிறீர்கள், பிடித்ததில் பெண்கள் எத்தனை, அவற்றின் வயது எவ்வளவு? அடுத்த ஜூனில் அவை உயிரோடு இருக்கின்றனவா என்று போய்ப் பார்க்கப்போவது இந்தக் குழுவில் யார்?